வெள்ளம் மாற்றிய தேதி: லியோன் நகரத்துக் குளிர்கால ஒளிவிழாவின் வரலாறு

பிரான்சின் தென்கிழக்கே, ரோன் ஆறும் சோன் ஆறும் கூடுமிடத்தில் அமைந்த லியோன் நகரில், டிசம்பர் 8ஆம் நாளை உள்ளடக்கிய நான்கு இரவுகளில் தேவாலய முகப்புகளும் அரசுக் கட்டடங்களும் சதுக்கங்களும் ஆற்றங்கரைச் சுவர்களும் ஒளியாலும் இசையாலும் நிரப்பப்படுகின்றன. 'ஃபேத் தே லுமியேர்', அதாவது ஒளிகளின் விழா, என்று பெயர் பெற்ற இந்நிகழ்வைக் காண அண்மை ஆண்டுகளில் வந்து சென்றோரின் எண்ணிக்கை 20 லட்சம் அளவில் மதிப்பிடப்படுகிறது. கணினியில் வரையப்பட்ட அசையும் உருவங்களைக் கல்லின் மீது வீழ்த்தும் இன்றைய கலைக்கும், 17ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகரத் தலைவர்கள் செய்துகொண்ட ஒரு நேர்த்திக்கடனுக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி உண்டு. எனினும் அத்தொடர்ச்சியில் திட்டமிடலின் பங்கைவிடத் தற்செயலின் பங்கே பெரிது. திறந்த வெளியில், எலும்பைத் துளைக்கும் குளிரில், ஆண்டின் மிக இருண்ட வாரங்களில் இவ்விழா நடைபெறுவதற்குக் காரணம் எவருடைய கலைக்கொள்கையும் அன்று. 1852ஆம் ஆண்டு சோன் ஆற்றில் வந்த வெள்ளமே ஆகும்.

லியோனின் மேற்கே, சோன் ஆற்றின் வலக்கரையில் செங்குத்தாக எழுவது ஃபூர்வியேர் குன்று. உரோமானியர் இங்கு நிறுவிய லுக்துனும் நகரின் பழைய மன்றத்தைக் குறித்த இலத்தீன் சொல்லே மருவி இக்குன்றின் பெயராயிற்று என்பர். இடைக்காலத்திலேயே இங்குக் கன்னி மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. 1628ஆம் ஆண்டு நகரைத் தாக்கிய பிளேக் நோய் மக்கள்தொகையின் பெரும்பகுதியை அழித்துச் சென்றது. அதன் நினைவு ஆறுவதற்குள், 1643இல் மீண்டும் அந்நோயின் அச்சம் பரவியபோது, 'வணிகர் தலைவர்' என்ற பட்டத்துடன் நகராட்சிக்குத் தலைமை தாங்கியவரும், 'எஷ்வேன்' எனப்பட்ட நான்கு நகர மன்றத்தாரும் கூடி, நகரம் காக்கப்பட்டால் ஆண்டுதோறும் மரியாளின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று ஃபூர்வியேர் ஏறிச் சென்று ஏழு பவுண்டு வெண்மெழுகில் செய்த திரிகளும் ஒரு பொற்காசும் காணிக்கையாகச் செலுத்துவதாக நேர்ந்துகொண்டனர். தமிழ் வாசகர்க்கு இந்நாள் வேளாங்கண்ணிப் பெருவிழாவின் நாளாகவே அறிமுகமானது. இரண்டும் ஒரே திருநாள்தான். நாட்டின் மன்னரோ மறைமாவட்ட ஆயரோ அல்லாமல், நகரத்தை ஆண்ட வணிகப் பெருமக்களே இந்நேர்த்தியைச் செய்தனர் என்பது கருதத்தக்கது. நகராட்சிக்கும் குன்றின் மேலிருந்த அன்னைக்கும் இடையே அன்று ஏற்பட்ட உடன்படிக்கை போன்ற உறவின் நிழல் இன்றைய விழாவின் மீதும் விழுகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிற்றாலயத்தின் மணிக்கூண்டைப் புதுப்பித்து அதன் உச்சியில் பொன்முலாம் பூசிய வெண்கலத்தால் மரியாளின் சிலை ஒன்றை நிறுவுவதென முடிவாயிற்று. 1850இல் நடந்த போட்டியில் அப்பணி ழோசெஃப்-யூக் ஃபாபிஷ் என்ற சிற்பிக்குக் கிடைத்தது. இவருடைய பெயர் தமிழகத்தில் அறியப்படாதது; ஆயினும் இவருடைய கைவண்ணத்தின் வழிவந்த உருவத்தைக் காணாத தமிழ்க் கிறித்தவர் இருக்க முடியாது. 1864இல் லூர்து குகையில் நிறுவப்பட்ட சிலையைச் செதுக்கியவர் இவரே. தமிழ்நாட்டுத் தேவாலய வளாகங்களிலுள்ள லூர்து கெபிகளில் வெண்ணிற ஆடையும் நீலக் கச்சையுமாக நிற்கும் அன்னையின் உருவம் அந்தச் சிலையைப் பின்பற்றியதே. லூர்தில் காட்சி கண்ட பெர்னதெத்துக்கு அச்சிலை நிறைவளிக்கவில்லை என்பது வேறு கதை.

ஃபூர்வியேர் சிலையைப் பழைய நேர்த்தியின் நாளான 1852 செப்டம்பர் 8 அன்று திறப்பதாக ஏற்பாடு. சிற்பியின் பட்டறையோ சோன் ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு பெருகிப் பட்டறைக்குள் வெள்ளம் புகுந்ததால் சிலை குறித்த நாளில் முடிவடையவில்லை. மரியாளுக்குரிய அடுத்த பெருநாள் எது என்று நாட்காட்டியைப் பார்த்தவர்கள் டிசம்பர் 8ஐத் தேர்ந்தனர். அது மரியாள் பிறவிப் பாவத்தின் கறையின்றிக் கருவில் உருவானாள் என்னும் 'அமல உற்பவ' நம்பிக்கையின் திருநாள். இந்நம்பிக்கை திருச்சபையின் கட்டாயக் கோட்பாடாக 1854இல்தான் அறிவிக்கப்பட்டது என்றாலும் லியோனில் முன்பிருந்தே செல்வாக்குப் பெற்றிருந்தது. இவ்வாறு கோடையின் கடைசி வெயிலில் நிகழவேண்டிய ஒரு திறப்பு விழா, வெள்ளத்தின் பொருட்டுக் குளிர்காலத்தின் வாயிலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அன்றைய நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டாளர்கள் குன்றின் மேல் வாணவேடிக்கைக்கும், மத்தாப்பு வகையைச் சேர்ந்த 'வங்காள ஒளி'க்கும் ஆயத்தம் செய்திருந்தனர். ஆனால் பகலில் இடியும் மழையுமாகப் புயல் ஒன்று நகரின் மீது இறங்கியது. கொண்டாட்டத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று கருதப்பட்ட வேளையில், மாலை கவிந்ததும் வானம் வெளுத்தது. அப்போது நகர மக்கள் தம் வீட்டு ஜன்னல் விளிம்புகளில் மெழுகுத்திரிகளை ஏற்றிவைத்தனர். ஒரு வீட்டைப் பார்த்து மறுவீடும், ஒரு தெருவைப் பார்த்து மறுதெருவுமாக ஒளி பரவ, மக்கள் வீதியில் இறங்கித் துதிப்பாடல்கள் பாடி நள்ளிரவுவரை உலவினர். இந்நிகழ்ச்சியை லியோன் மக்கள் தாமாகப் பொங்கியெழுந்த பக்தியின் விளைவாகவே இன்றும் சொல்லிவருகின்றனர். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அரசர் நகர்புகும்போதும் போரில் வெற்றிச் செய்தி வரும்போதும் ஜன்னல்களில் விளக்கேற்றுவது ஐரோப்பிய நகரங்களில் நெடுங்கால வழக்கம். பல வேளைகளில் அது ஆணையின் பேரிலேயே நடந்தது. லூயி-நெப்போலியன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டு ஆறே நாட்கள் ஆகியிருந்த அந்த டிசம்பரில், விளக்கேற்றும் பழக்கம் மக்கள் கைக்குப் புதிதன்று. புதிதாக இருந்தது, ஆணையிட ஆளில்லாத போதும் விளக்குகள் எரிந்தன என்பதுதான்.

நிகழ்ச்சியின் ஒலியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். குன்றின் மேலிருந்த ஆலயத்தின் மணியும், கீழே நகரின் பிற கோயில்களின் மணிகளும், வீதியில் எழுந்த கூட்டுப்பாடலும் அன்றே அவ்வொளியோடு சேர்ந்திருந்தன. ஒளியும் ஒலியும் இணைந்த நிகழ்கலை பிற்காலத்தவர் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அழைப்பின்றியே ஜன்னல்களில் விளக்கு ஏறியது. இவ்வாறு வழக்கம் நிலைபெற்றதற்கு நகரின் அமைப்பும் துணைநின்றது. ஃபூர்வியேருக்கு எதிரே வடக்கில் எழும் க்ருவா-ரூஸ் குன்று பட்டு நெசவாளர்களின் இருப்பிடம். 'கனூ' என்று அழைக்கப்பட்ட அந்நெசவாளர்கள் 1831லும் 1834லும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டவர்கள். லியோன் மக்கள் முன்னதை 'வழிபடும் குன்று' என்றும் பின்னதை 'உழைக்கும் குன்று' என்றும் குறிப்பது மரபு. உழைக்கும் குன்றின் வீடுகள் சாதாரண வீடுகள் அல்ல. லியோனில் பிறந்த ஜக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய தறி, துளையிட்ட அட்டைகளின் வரிசையால் பாவு நூல்களைத் தூக்கி இறக்கிப் பூவேலையை நெய்வது. காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேலும் இன்று அதே பெயரோடு ஏறி நிற்பது. அந்த உயரமான தறி உள்ளே நிற்பதற்காக ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் கூரையும், நூலின் நிறம் பிரித்தறியப் பகல்வெளிச்சம் வேண்டியதால் நெடிய ஜன்னல்களும் அவ்வீடுகளில் அமைக்கப்பட்டன. வெளிச்சத்தை உள்ளே வாங்குவதற்கென்று கட்டிய ஜன்னல்கள், ஆண்டில் ஓரிரவு வெளிச்சத்தை வெளியே தந்தன. குன்றுச் சரிவில் அடுக்கடுக்காக நின்ற இவ்வீடுகளின் விளக்குகளை நகரின் எப்பகுதியிலிருந்தும் காண முடிந்தது. சமதரையில் அமைந்த ஊருக்கு இப்பேறு வாய்ப்பதில்லை.

1870இல் பிரஷ்யப் படைகள் முன்னேறி வந்தபோது, நகரம் தப்பினால் ஃபூர்வியேரில் பேராலயம் எழுப்புவதாக மீண்டும் ஒரு நேர்த்தி செய்யப்பட்டது. படைகள் லியோனை எட்டவில்லை. கட்டடக் கலைஞர் பியேர் போசானின் வரைவின்படி 1872இல் தொடங்கிய அப்பேராலயம் 1896இல் அருட்பொழிவு பெற்றது. குன்றின் உச்சியில் 'நன்றி மரியே' என்னும் பொருளுடைய இரு சொற்கள் பெரிய ஒளியெழுத்துகளில் டிசம்பர் 8 அன்று தோன்றுவது, பிற்காலத்தில் இவ்வழக்கத்தோடு சேர்ந்துகொண்ட அடையாளம்.

ஜன்னலில் ஏற்றும் விளக்கின் பெயர் 'லுமிஞோன்'. இது குட்டையான, பக்கவாட்டில் வரிப்பள்ளங்கள் கொண்ட மெழுகுத்திரி. வரியிட்ட தடித்த கண்ணாடிக் குவளைக்குள் இறக்கி ஏற்றப்படுவது. குவளை நிறமற்றதாகவோ சிவப்பு, நீலம், பச்சை நிறங்களிலோ இருக்கும். குளிர்காற்றில் அணையாமல் காப்பதும், சுடரின் ஒளியை வரிகளின் வழியே சிதறடித்துப் பெருக்கிக் காட்டுவதும் குவளையின் வேலை. ஆண்டு முழுவதும் அலமாரியில் உறங்கும் இக்குவளைகள் தாத்தா பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வந்துசேரும் குடும்பச் சொத்து. கார்த்திகைக்கு முன் பரணிலிருந்து அகல்களை இறக்கித் துடைக்கும் வீட்டாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மின்சாரம் வந்த பின்னும் நெடுங்காலம் இவ்வழக்கம் அடிப்படையில் மாறவில்லை. மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த ஆம்பியர் 1775இல் பிறந்ததும், 'ஒளி' என்று பொருள்படும் குடும்பப் பெயரைக் கொண்ட லூமியேர் சகோதரர்கள் தம் தொழிற்சாலைத் தொழிலாளர் வெளியேறும் காட்சியை 1895இல் படம்பிடித்ததும் இதே நகரில்தான். இப்பெயர்ப் பொருத்தத்தைச் சுற்றுலாக் கையேடுகள் அளவுக்கு மீறி மெச்சுகின்றன. விழாவுக்கும் அவர்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. 20ஆம் நூற்றாண்டில் கடைவீதிகளின் கிறித்துமஸ் அலங்காரம் டிசம்பர் 8ஐத் தன் தொடக்க நாளாகக் கொண்டது என்பதும், அதனால் வழிபாட்டுச் சாயல் சற்றுக் குறைந்து கடைவீதி உலாவும் வழக்கமாயிற்று என்பதுமே குறிப்பிடத்தக்க மாற்றங்கள்.

பெருமாற்றத்துக்கான விதை வேறோரிடத்தில் விழுந்தது. லுவார் ஆற்றுப் பகுதியிலுள்ள ஷாம்போர் அரண்மனையின் காப்பாளராக இருந்த போல் ரொபேர்-ஊதான், புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஒருவரின் வழித்தோன்றல். புயலிரவு ஒன்றில் மின்னல் வெட்டுகளுக்கிடையே அரண்மனையின் கோபுரங்கள் தோன்றி மறைவதைக் கண்டு அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது என்று சொல்லப்படுகிறது. 1952இல் அவர் ஷாம்போரில் நிகழ்த்திக் காட்டிய 'சோன் எ லுமியேர்' என்பதன் நேர்ப்பொருளே தமிழில் 'ஒலி ஒளிக் காட்சி' என்று வழங்குகிறது. இதில் நடிகர்கள் இல்லை. இருளில் நிற்கும் கட்டடத்தின் பகுதிகளை விளக்குகள் ஒவ்வொன்றாகத் துலக்க, முன்பே பதிவுசெய்த குரலும் இசையும் அதன் கதையைச் சொல்லும்; கட்டடமே பாத்திரம். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ், கீசாவின் பிரமிடுகள் எனச் சில ஆண்டுகளிலேயே இவ்வடிவம் பரவி, 1965இல் தில்லிச் செங்கோட்டைக்கும், பின்னர் 1981இல் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கும் வந்துசேர்ந்தது. மகாலின் தூண்களுக்கிடையே சிலப்பதிகாரக் கதையையும் நாயக்கர் கதையையும் கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு ஷாம்போரின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் முறைமை தெரியும்.

ஆயினும் ஷாம்போரில் பிறந்த வடிவம் கோடைக்கு உரியது. அது பயணிகளை நம்பி வாழ்ந்தது; ஐரோப்பியப் பயணிகளோ கோடையில் வருபவர்கள். அங்கே கோடை இரவு பத்து மணிக்குப் பின்னரே இருள்வதால் குழந்தைகள் உறங்கிய பிறகுதான் காட்சியைத் தொடங்க முடியும். லியோனில் டிசம்பர் 8 அன்று மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளையும் வேலை முடிந்து திரும்பும் தொழிலாளியும் முழு இருளில் வீதியில் இருக்கிறார்கள். இரவுணவுக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் கைவசம் இருக்கிறது. செப்டம்பர் 8 அன்றே சிலை திறக்கப்பட்டிருந்தால் இவ்வசதி வாய்த்திருக்காது. வெள்ளம் தந்த தேதிதான் இவ்விழாவை வெளியூர்ப் பயணியின் காட்சியாக அன்றி உள்ளூர்க் குடும்பத்தின் மாலையாக நிலைநிறுத்தியது என்று கொள்வதில் தவறில்லை.

1989இல் மிஷெல் நுவார் மேயராகப் பொறுப்பேற்றபின் நகராட்சி 'ஒளித்திட்டம்' ஒன்றை வகுத்தது. தெருவிளக்கு என்பது பாதுகாப்புக்காகச் சாலையை வெளிச்சமாக்கும் கருவி மட்டுமன்று, இரவில் நகரின் தோற்றத்தையே வடிவமைக்கும் கலை என்ற கருத்தே அதன் அடிப்படை. பாலங்கள், ஆற்றங்கரைகள், தேவாலயங்கள், நகர்மன்றம் என நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு நிலையான ஒளியமைப்புச் செய்யப்பட்டது. எந்தக் கல்லுக்கு எந்த நிற ஒளி, எக்கோணத்திலிருந்து எவ்வளவு நிழல் என்று கணிக்கும் ஒளி வடிவமைப்பாளர் என்ற தொழிற்பிரிவு நகரில் வேரூன்றியது. பழைய நகர்ப்பகுதி 1998இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு, முன்னாள் பிரதமரான ரேமோன் பார் மேயராக இருந்தபோது, ஓரிரவு வழக்கம் பல நாள் கலைவிழாவாக விரிக்கப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது. நகர ஒளியமைப்பில் ஈடுபட்ட நகரங்களை இணைக்கும் 'லூசி' என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பும் லியோனின் முயற்சியால் 2002இல் தோன்றியது. நேர்த்திக்கடன் நகராட்சியின் கொள்கையாகவும், கொள்கை ஏற்றுமதிச் சரக்காகவும் மாறிய கதை இது. பட்டு விற்றுப் பிழைத்த நகரம் ஒளி விற்கக் கற்றுக்கொண்டது என்று சற்று இடக்காகவும் கூறலாம்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வலிமை மிக்க புரொஜெக்டர்களும் கணினிகளும் கைக்கு எட்டியபோது, ஒளியின் தன்மையே மாறியது. முகப்பின் ஒவ்வொரு வளைவும் தூணும் சாளரமும் லேசர் கருவியால் அளக்கப்பட்டுக் கணினியில் அதன் மாதிரி உருவாக்கப்படுகிறது. ஓவியர்கள் அம்மாதிரியின் மேல் காட்சிகளை வரைகின்றனர். அவை பல புரொஜெக்டர்களிலிருந்து விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வீழ்த்தப்பட்டு, இணைப்புத் தெரியாத ஒரே படமாகச் சுவரில் பொருந்துகின்றன. தூண் உருகுவதும் சாளரம் திறந்து பறவை பறப்பதும் கோபுரம் சரிந்து மீண்டும் எழுவதும் இவ்வாறே. இசையும் ஓசைகளும் படத்தின் ஒவ்வோர் அசைவோடும் நொடிக்கணக்கில் இணைக்கப்படுவதால், கல் பிளப்பது கண்ணுக்குத் தெரியும் கணத்திலேயே காதிலும் விழுகிறது. புனித யோவான் பேராலயத்தின் முகப்பிலும், பார்த்தோல்தியின் நீரூற்று நிற்கும் தெரோ சதுக்கத்திலும் நிகழும் காட்சிகள் சில நிமிடங்களே நீடிப்பவை. மாலை முழுவதும் திரும்பத் திரும்ப ஓட்டப்படுபவை. சுருக்கத்துக்குக் காரணம் கலைநயம் மட்டுமன்று. உறைநிலையை நெருங்கும் குளிரில் எவரும் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கமாட்டார்; மேலும், ஒரு கூட்டம் நகர்ந்தால்தான் மறு கூட்டம் வர முடியும். குறுகிய தெருக்களில் ஒருவழி நடை விதிக்கப்பட்டு, பார்வையாளர் ஆற்றுநீர் போல ஒரே திசையில் செலுத்தப்படுகின்றனர். டிசம்பர் மழையும், இரு ஆறுகளிலிருந்தும் எழும் மூடுபனியும் கருவிகளுக்குப் பகை. ஆனால் மெல்லிய பனிப்படலம் ஒளிக்கற்றைகளுக்கு உடல் கொடுத்து வானில் அவற்றை நிறுத்திக்காட்டுவதும் உண்டு.

ஷாம்போர் முறையில் கட்டடம் தன் கதையைத் தானே சொன்னது. புதிய முறையில் கட்டடம் பிறர் கதைக்குத் திரையாகிறது. எந்த முகப்பிலும் பொருந்தக்கூடிய வாணவேடிக்கையாகக் காட்சி அமைந்துவிடும்போது, லியோனின் கல்லுக்கு அதில் வேலையில்லை. சிறந்த படைப்புகள் கட்டடத்தின் எலும்பை அறிந்து அதனோடு உரையாடுகின்றன. மற்றவை அதனை மறைக்கின்றன. நகர மக்களில் ஒரு சாரார் கூட்ட நெரிசலைக் காரணம் காட்டி அந்நாட்களில் ஊரைவிட்டே சென்றுவிடுகின்றனர். மற்றொரு சிக்கல் பழையது: அரசும் திருச்சபையும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிக்கப்பட்ட நாட்டில், நகராட்சியின் விழாவும் மரியாளின் திருநாளும் ஒரே இரவைப் பகிர்ந்துகொள்கின்றன. செப்டம்பர் 8 அன்று நகரத்தார் பொற்காசு செலுத்தும் 1643ஆம் ஆண்டுச் சடங்கு தொடரினும், 2020இல் பதவிக்கு வந்த மேயர் மதச்சார்பின்மையைக் காரணம் காட்டி ஆலயத்துள் நடக்கும் வழிபாட்டில் கலந்துகொள்ள மறுத்தது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. டிசம்பர் விழாவை நடத்துவதில் அவருக்கு அத்தகைய தடை தோன்றவில்லை.

இரண்டு முறை புரொஜெக்டர்கள் எரியாத டிசம்பர் வந்தது. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதல்களை அடுத்து, திறந்தவெளியில் அவ்வளவு பெருங்கூட்டத்தைக் காக்க இயலாது என்று விழா கைவிடப்பட்டது; இறந்தோர் நினைவாக ஜன்னல்களில் திரியேற்றுமாறு நகராட்சி மக்களைக் கேட்டுக்கொண்டது. 2016இல் விழா மூன்று இரவுகளாகக் குறுக்கப்பட்டு, நகர மையத்தைச் சுற்றித் தடுப்புகளும் பைச் சோதனையும் வந்தன. 2020இல் கொரோனா தொற்றால் விழா மீண்டும் நின்றபோது, கொள்ளைநோயில் தொடங்கிய வழக்கம் ஒரு கொள்ளைநோயையே எதிர்கொண்டது. அவ்விரு ஆண்டுகளிலும் டிசம்பர் 8 மாலையில் குவளைகள் அலமாரியிலிருந்து இறங்கி, திரியிடப்பட்டு, 1852இல் இருந்த அதே விளிம்புகளில் வரிசையாக நின்றன. உள்ளூர்க்காரர்கள் விழாவின் அலுவல்பெயரை அதிகம் பயன்படுத்துவதில்லை. அவர்கள் வாய்மொழியில் அது இன்றும் 'டிசம்பர் எட்டு' மட்டுமே.